ஒற்றை ஆள் – 6: உதவிக்கு வந்தவர்

2021 அக்டோபர் 29. பின்லாந்துக்காரரான லாஸ்ஸே கோலின் பராமரித்துவந்த ஒரு மென்பொருளின் மின்னஞ்சல் குழுவுக்குக் கடிதம் ஒன்று வந்தது. அனுப்பியவர் பெயர் ஜியா டான். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. யார் எந்த எடிட்டரில் திறந்து எழுதினாலும் இடைவெளிகள் ஒரே மாதிரி விழவேண்டும், அதற்கு ஒரு குட்டி அமைப்புக் கோப்பைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஒரு பேட்ச் அனுப்பியிருந்தார். சேர்த்தால் பெரிய லாபமில்லை. சேர்க்காவிட்டால் நஷ்டமும் இல்லை.

கடிதத்தில் குறை சொல்ல எதுவும் கிடையாது. கதை முழுக்கத் தெரிந்துவிட்ட இன்றைக்குப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் பல கோடி லினக்ஸ் கணினிகளுக்குக் கள்ளச்சாவி செய்ய நினைத்த ஒரு கை, இந்த வீட்டுக் கதவை முதன்முதலில் தட்டியது அன்றுதான்.

சென்ற வாரம் ஹார்ட்பிளீடில் நிறுத்தியிருந்தோம். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் ஓட்டை விழுந்தது தெரிந்ததும் உலகமே பதறியது. உள்ளே எட்டிப் பார்த்தால், இணையத்தின் பாதிப் பூட்டுகளைத் தாங்கிக்கொண்டிருந்த அந்த மென்பொருளுக்கு முழுநேர ஆள் என்று இருந்தது ஒருவர். ஆண்டு முழுவதும் சேரும் நன்கொடை சுமார் 2,000 டாலர். கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், அமேசான் எல்லாம் வெட்கப்பட்டு, லினக்ஸ் ஃபவுண்டேஷன் மூலமாகப் பணம் போட்டன. ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு விடிந்தது.

ஆனால் பணம் போய்ச் சேர்ந்தது, பெயர் செய்தித்தாளில் வந்த மென்பொருள்களுக்கு. பெயரே வராமல் அடியில் கிடந்தவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்படிக் கிடந்த ஒன்றுதான் எக்ஸ்இசட்.

*

எக்ஸ்இசட் என்ன செய்கிறது? கோப்புகளைச் சுருக்குகிறது. அவ்வளவுதான். விண்டோஸில் ஜிப் போடுகிறோமே, அந்த ஜாதி. ஆனால் ஜிப்பைவிட நன்றாகவே சுருக்கும்.

2000களில் ஸ்லாக்வேரை அடிப்படையாக வைத்து டுகானி என்றொரு லினக்ஸ் தொகுப்பு செய்துகொண்டிருந்தார்கள். அதன் பேக்கேஜ்களை இன்னும் சிறிதாக்க வேண்டியிருந்தது. ரஷ்யரான இகோர் பாவ்லோவ், தன்னுடைய செவன்-ஜிப்புக்காக எல்இசட்எம்ஏ என்ற சுருக்கும் முறையை உருவாக்கியிருந்தார். அதை யூனிக்ஸ் உலகத்துக்குத் தோதான கருவியாக எழுதும் வேலையை லாஸ்ஸே எடுத்துக்கொண்டார். டுகானி காலப்போக்கில் காணாமல் போனது. கருவி தங்கிவிட்டது. 2009இல் புதிய கோப்பு வடிவம், 2010 அக்டோபரில் 5.0.0 என்ற முதல் நிலையான பதிப்பு.

அதற்குப் பிறகு நடந்தது எதையும் லாஸ்ஸே கேட்டு வாங்கவில்லை. லினக்ஸ் கர்னலின் மூல நிரலை அதன் அதிகாரபூர்வத் தளத்தில் எக்ஸ்இசட்டில் சுருக்கி வைத்தார்கள். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு தன் பேக்கேஜ்களை அதில் சுருக்கியது. ஃபெடோராவும் பல வருடம் அதையே பயன்படுத்தியது. அதன் உள்ளே இருக்கும் லிப்எல்இசட்எம்ஏ என்ற நூலகத்தை வேறு பல மென்பொருள்கள் தங்களோடு இணைத்துக்கொண்டன. பின்லாந்தில் ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதிய நிரல், வங்கி சர்வரிலும் மருத்துவமனை சர்வரிலும் போய் உட்கார்ந்தது. வங்கிக்கு அது தெரியாது. மருத்துவமனைக்கும் தெரியாது.

பராமரிப்பு என்றால் என்ன என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், எழுதி முடித்த நிரலைச் சும்மா வைத்திருப்பதற்கு என்ன கஷ்டம் என்று நினைக்கிறார்கள். நிரல் அப்படியேதான் இருக்கிறது. சுற்றியிருக்கிற உலகம் சும்மா இருப்பதில்லை. புது கம்பைலர் வருகிறது, நேற்றுவரை வாயைத் திறக்காத ஒரு வரியைப் பார்த்து எச்சரிக்கை கொடுக்கிறது. யாரோ ஒருவர் பழைய ஐபிஎம் இயந்திரத்தில் கம்பைல் ஆகவில்லை என்று எழுதுகிறார். இன்னொருவர் பத்து வரி பேட்ச் அனுப்புகிறார். பத்து வரியைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் 32 பிட்டில் ஓடுமா, பைட் வரிசை தலைகீழாக உள்ள இயந்திரத்தில் ஓடுமா, நூலகத்தை நம்பியிருக்கும் பழைய மென்பொருள் எதையாவது உடைக்குமா என்று பார்க்க ஒரு வார இறுதி போய்விடும்.

அதுவும் இது சுருக்கும் மென்பொருள். இதில் தவறு நேர்ந்தால் திரையில் சிவப்பு எழுத்தில் ஒன்றும் வராது. யாரோ ஒருவருடைய பேக்கப், இரண்டு வருடம் கழித்துத் திறக்கும்போது குப்பையாக இருக்கும். ஆகவே லாஸ்ஸே மெதுவாகத்தான் வேலை செய்தார். 2014 டிசம்பரில் 5.2.0 வெளியிட்டார். அடுத்த பெரிய பதிப்புக்கு வருடக்கணக்கில் ஆனது. சோம்பல் என்றார்கள் சிலர். என்னைக் கேட்டால், இந்த வேலையில் நிதானம்தான் தரம்.

இதற்குச் சம்பளம்? கிடையாது. உதவிக்கு ஆள்? கிடையாது. அதனால்தான் அந்த அக்டோபர் மாதத்துக் கடிதம் நல்ல சகுனமாகத் தெரிந்திருக்கும்.

ஜியா டான் அடுத்தடுத்துப் பேட்ச் அனுப்பினார். எல்லாம் ஒழுங்கான வேலை. 2022 பிப்ரவரி 7ஆம் தேதி அவர் பெயர் போட்ட முதல் மாற்றத்தை லாஸ்ஸே சேர்த்துக்கொண்டார். அதுவும் உபயோகமான மாற்றம்தான், ஒரு பாதுகாப்புச் சோதனை. ஏப்ரல் 19ஆம் தேதி இன்னொரு பேட்ச்.

மூன்றே நாளில், அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத ஒருவர் கதைக்குள் நுழைந்தார்.

*

பெயர் ஜிகர் குமார். வடக்கே, முக்கியமாகக் குஜராத் பக்கம் சகஜமாகப் புழங்கும் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் குஜராத்தி இருந்தாரா, மனிதர்தான் இருந்தாரா என்பதெல்லாம் வேறு கதை.

ஜிகர் குமாருக்குக் கோபம். இங்கே பேட்ச் அனுப்பினால் வருடக்கணக்கில் கிடக்கிறது, 5.2.0 வந்து ஏழு வருடமாகிறது, இனிமேல் எதுவும் சீக்கிரம் வரும் என்று நம்பக் காரணமே இல்லை என்று ஏப்ரல் 22ஆம் தேதி எழுதினார். மே மாதம் டென்னிஸ் என்ஸ் என்ற இன்னொருவர் வந்தார். இதன் ஜாவா பதிப்பை யாராவது கவனிக்கிறீர்களா என்று கேட்டார். லாஸ்ஸே மரியாதையாகப் பதில் சொன்னார். தாமதத்துக்கு வருந்தினார். ஜியா டான் உதவி செய்துகொண்டிருக்கிறார், வருங்காலத்தில் அவருக்குப் பெரிய பொறுப்பு வரலாம் என்றும் கோடி காட்டினார்.

ஜிகர் குமார் விடவில்லை. மே 27, ஒரு மாதம் ஓடிவிட்டது, பேட்ச் இன்னும் சேரவில்லை. ஜூன் 7, புதுப் பராமரிப்பாளர் வராதவரை இங்கே எதுவும் நகராது. இப்போதிருப்பவருக்கு ஆர்வம் போய்விட்டது.

மறுநாள், ஜூன் 8ஆம் தேதி, லாஸ்ஸே ஒரு பதில் எழுதினார். ஆர்வம் போகவில்லை என்றார். ஆனால் நீண்ட நாளாக இருக்கும் மனநலப் பிரச்சினைகளாலும் வேறு சில காரணங்களாலும் முன்போலக் கவனிக்க முடியவில்லை என்றார். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது என்றார். அறிமுகமே இல்லாதவர்கள் படிக்கும் பொதுக் குழுவில், ஒரு மனிதர் இதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

பதில் வந்தது. ஜூன் 14, நீங்கள் போகிற வேகத்துக்கு 5.4.0 இந்த வருடம் வராது (ஜிகர் குமார்). ஜூன் 21, உங்கள் மனநலம் பற்றிக் கேட்க வருத்தமாக இருக்கிறது, ஆனால் உங்களால் எவ்வளவு முடியும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா, பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கலாமே (டென்னிஸ் என்ஸ்). ஜூன் 22, 5.4.0 வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், ஆளை இப்போதே மாற்றினால் என்ன (மறுபடி ஜிகர் குமார்).

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதை நமக்குத் தெரியும். இங்கே மாட்டோடு சேர்த்து, கொடுத்தவர் பல்லையும் பிடித்துப் பார்த்தார்கள்.

இந்த இருவருமே கற்பனை மனிதர்கள், ஜியா டானுக்கு இடம் காலி செய்யவே உருவாக்கப்பட்டவர்கள் என்றுதான் இந்த விவகாரத்தை ஆராய்ந்தவர்கள் அநேகமாக எல்லோருமே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அந்தக் கடிதங்களுக்கு வெளியே இந்தப் பெயர்களுக்கு வேறு எங்கும் தடமில்லை. வேலை முடிந்ததும் இருவரும் மாயமானார்கள்.

அப்படியானால் அன்றைக்கே யாருக்கும் ஏன் உறுத்தவில்லை? இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இதுதான். உறுத்தவில்லை, ஏனென்றால் நிஜமான கடிதங்களும் இதே குரலில்தான் வருகின்றன. இலவச மென்பொருள் ஒன்றைத் தனியாகக் காப்பாற்றிவரும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். காசு கொடுக்காதவர்களிடமிருந்து, கெடு வைத்து, மிரட்டலும் ஏளனமுமாக வருவது அன்றாடத் தபால். சூழ்ச்சி செய்தவர்கள் புதிதாக எந்த நடையையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஊரே பேசிக்கொண்டிருந்த பாஷையை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 2018இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். எழுதிய டொமினிக் டார் அதைப் பல வருடமாகத் தானே பயன்படுத்தவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டார், இவர் கொடுத்துவிட்டார். புதியவர் பிட்காயின் திருடும் நிரலை உள்ளே வைத்தார். அந்த நவம்பரில் குட்டு வெளிப்பட்டபோது எல்லோரும் டொமினிக் டாரைத் திட்டினார்கள். அதுவரை அதை இலவசமாக இறக்கிக்கொண்டிருந்தவர்கள், அந்த நூலகத்தை வேறு யார் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மறுபடி பின்லாந்து. 2022 ஜூன் 29. ஜியா டான் ஏற்கெனவே கிட்டத்தட்டத் துணைப் பராமரிப்பாளர்தான் என்று லாஸ்ஸே எழுதினார்.

கதவு திறந்தது. உள்ளே வந்தவர் உடனே எதையும் திருடவில்லை. இருபது மாதம் உட்கார்ந்து வேலை செய்தார்.

*

அந்த இருபது மாதத்தில் சாவிகள் ஒவ்வொன்றாகக் கை மாறின.

2022 நவம்பர் 30: பிழை தெரிவிக்கும் மின்னஞ்சல் முகவரி லாஸ்ஸேவுக்கும் ஜியா டானுக்கும் பொதுவானது. (இந்த முகவரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.) டிசம்பர் 13, 5.4.0 வெளிவந்தது. அந்த வருடம் வராது என்று ஜிகர் குமார் அடித்துச் சொன்ன அதே பதிப்பு. டிசம்பர் கடைசியில் ஜியா டான் யாரையும் கேட்காமல் தானே மாற்றங்களைச் சேர்க்கும் உரிமையோடு இருந்தார். 2023 மார்ச்சில் 5.4.2ஐ அவரே வெளியிட்டார். இந்த மாதிரி நிரல்களைத் தானாக அடித்துப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் கூகுளின் சோதனைச் சேவை ஒன்று உண்டு. அதில் எக்ஸ்இசட்டுக்கான தொடர்பு முகவரியும் அவருடையதாக மாறியது. 2024 ஜனவரியில் மென்பொருளின் வலைத்தளமும் அவர் கைக்குள் இருக்கும் கிட்ஹப் பக்கத்துக்குப் போனது.

இடையில் 2023 ஜூனில் ஹான்ஸ் யான்சன் என்ற மூன்றாவது பெயர். நிரல் ஏற்றப்படும் கணத்திலேயே, எந்தச் செயல்பாட்டை இயக்குவது என்று முடிவு செய்யும் ஒரு வசதியைச் சேர்க்கும்படி பேட்ச் அனுப்பினார். வேகத்துக்காக என்றார்கள். சேர்ந்தது. அடுத்த மாதமே, கூகுளின் அந்தச் சோதனையில் மட்டும் இந்த வசதியை அணைத்துவைக்கும்படி ஜியா டான் கேட்டார். அதுவும் நடந்தது. காவல்காரன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடத்தில் அப்போது இருந்தது அவர்தான்.

2024 பிப்ரவரி 23.

எக்ஸ்இசட்டின் மூல நிரலோடு ஒரு சோதனைக் கோப்புத் தொகுப்பு இருக்கும். நல்ல கோப்புகள் சில, வேண்டுமென்றே கெடுத்துவைத்த கோப்புகள் சில. கெட்ட கோப்பைக் கொடுத்தால் மென்பொருள் தடுமாறாமல் மறுக்கிறதா என்று பார்ப்பதற்காக. பெயரே நல்லது, கெட்டது என்று தொடங்கும். இவற்றை யாரும் திறந்து படிக்க முடியாது, வெறும் பைனரி. படித்தாலும் தாறுமாறாகத்தான் இருக்கும். கெட்ட கோப்பு கெட்டுத்தானே இருக்க வேண்டும்? ஜியா டான் அன்றைக்கு அந்தத் தொகுப்பில் புதிய கோப்புகளைச் சேர்த்தார். அதில் கெட்டது ஒன்று, நல்லது ஒன்று. இரண்டுக்குள்ளும் பின்வாசல் நிரல் துண்டுகளாக ஒளிந்திருந்தது. ஒளித்துவைக்க இதைவிடத் தோதான இடத்தை என்னால் யோசிக்க முடியவில்லை.

ஒளிந்திருப்பதை எழுப்ப ஒரு ஆள் வேண்டுமே. அதற்கு வேறு வழி. மூல நிரல் எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கிறது. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்றவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து எடுப்பதில்லை. பராமரிப்பாளர் கட்டித் தரும் வெளியீட்டுத் தொகுப்பைத்தான் எடுப்பார்கள். அந்தத் தொகுப்பில், களஞ்சியத்தில் இல்லாத சில கோப்புகள் இருப்பது வழக்கம். கட்டும்போது தானாக உருவாகும் ஸ்கிரிப்ட்டுகள். அப்படி ஒரு ஸ்கிரிப்ட்டில், களஞ்சியத்துக்குள் வரவே வராத வரியைச் சேர்த்துவிட்டார். டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாக, 64 பிட் லினக்ஸுக்காகக் கட்டினால் மட்டும் அது விழித்துக்கொள்ளும். மற்றவர்கள் கட்டினால் சாதுவாகக் கிடக்கும். பிப்ரவரி 24, 5.6.0 வெளியானது.

இரண்டு நாள் கழித்து இன்னொரு சில்மிஷம். எக்ஸ்இசட் கருவி தேவைக்கு மேல் எதையும் தொடாதபடி அதைக் கட்டிப்போடும் லேண்ட்லாக் என்ற லினக்ஸ் வசதி உண்டு. அது கணினியில் இருக்கிறதா என்று பார்க்க, கட்டும் நேரத்தில் ஒரு சின்னச் சோதனை நிரல் கம்பைல் ஆகும். கம்பைல் ஆனால் வசதி உண்டு, ஆகாவிட்டால் இல்லை. அந்தச் சோதனை நிரலுக்குள் ஜியா டான் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை வைத்தார். தனி வரியில் ஒரு புள்ளி. இனி அது எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. ஆகவே லேண்ட்லாக் எங்கேயுமே இல்லை என்று முடிவாகிவிடும். நாளைக்கு யாராவது பார்த்தாலும் கை தவறி விழுந்தது என்று சொல்லிவிடலாம்.

சரி, கோப்பைச் சுருக்கும் மென்பொருளில் பின்வாசல் வைத்து என்ன பயன்? குறி எக்ஸ்இசட் இல்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்ஹெச். உலகத்து சர்வர் நிர்வாகிகள் காலையில் எழுந்து முதலில் தட்டும் வாசல் அது. அதை எழுதுகிறவர்கள் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள், பாதுகாப்பில் உலகப் பிடிவாதக்காரர்கள். அவர்கள் எக்ஸ்இசட்டைத் தொடுவதே இல்லை. ஆனால் டெபியனும் ஃபெடோராவும் தங்கள் வசதிக்காக, எஸ்எஸ்ஹெச் எழுந்துவிட்டது என்று, கணினியின் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்ல, அதன் நூலகத்தை எஸ்எஸ்ஹெச்சோடு ஒட்டியிருந்தார்கள். சிஸ்டம்டி நூலகம் தன்னோடு லிப்எல்இசட்எம்ஏவை இழுத்துவந்தது. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, லாஸ்ஸேவின் நிரலுக்குள் ஒளிந்திருந்தது வாசல் காவலில் போய் நின்றது. குறிப்பிட்ட ஒரு ரகசிய விசையோடு வருகிறவர் கடவுச்சொல் எதுவும் இல்லாமல் சர்வரில் என்ன கட்டளை வேண்டுமானாலும் இடலாம். அந்த விசை செய்தவர் கையில் மட்டும். வேறு எந்தத் திருடனுக்கும் பயன்படாத பின்வாசல்.

டெபியனின் சோதனைக் கிளைக்கு 5.6.0 போனது. ஃபெடோராவின் வரப்போகும் பதிப்புக்கும் போனது. ஃபெடோரா தரப்பில் பேக்கேஜ் பார்ப்பவர்களோடு ஜியா டான் பல வாரம் இனிமையாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், புதிய பதிப்பில் அருமையான வசதிகள் இருக்கின்றன என்று. மார்ச் 4ஆம் தேதி ரெட்ஹேட் தரப்பில், நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி லிப்எல்இசட்எம்ஏவைக் காட்டிக் கத்தியது. ஜியா டான் பதறவில்லை. மார்ச் 9ஆம் தேதி 5.6.1 வெளியிட்டு அதன் வாயை அடைத்தார்.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்திருக்க வேண்டும். அதே மார்ச் முதல் வாரத்தில் சிஸ்டம்டிக்காரர்கள், தேவைப்படும்போது மட்டும் லிப்எல்இசட்எம்ஏவை ஏற்றுவது என்று தங்கள் நிரலை மாற்றிவிட்டார்கள். ஜியா டானைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது, சும்மா சார்புகளைக் குறைத்தார்கள். ஆனால் அந்த மாற்றம் தொகுப்புகளுக்கு வந்து சேர்ந்தால் சங்கிலி அறுந்துவிடும். இரண்டரை வருட உழைப்பு வீண்.

மார்ச் 25ஆம் தேதி ஹான்ஸ் யான்சன் திரும்ப வந்தார். டெபியனிடம் 5.6.1க்கு மாறும்படி கேட்டார்.

*

சான் ஃபிரான்சிஸ்கோ. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். மைக்ரோசாஃப்ட்டில் வேலை, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை எழுதுகிறவர்களில் ஒருவர். பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் கிடையாது, அதை அவரே பிறகு சொன்னார்.

போஸ்ட்கிரெஸில் ஒரு மாற்றம் எவ்வளவு வேகம் தருகிறது என்று அளந்துகொண்டிருந்தார். இந்த மாதிரி அளவை நுணுக்கமானது. கணினியில் வேறு எதுவும் ஓடாமல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. எஸ்எஸ்ஹெச் பிராசஸர் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. இணையத்தில் இருக்கிற எந்தக் கணினியையும் யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள், தப்பான பயனர் பெயரோடு. அதெல்லாம் வாசலிலேயே உடனே விரட்டப்பட வேண்டியது. அதற்கு ஏன் இவ்வளவு நேரம்?

அளந்து பார்த்தார். முன்பு 0.299 விநாடி. இப்போது 0.807 விநாடி.

அரை விநாடி. நீங்களும் நானும் என்றால் இணையம் மந்தம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் நேரம் எங்கே செலவாகிறது என்று தோண்டினார். லிப்எல்இசட்எம்ஏ. அதற்குள் எங்கே? பெயரில்லாத ஓர் இடத்தில். கோப்பு சுருக்கும் நூலகத்துக்கு வாசற்கதவில் என்ன வேலை? சில வாரம் முன்பு, பேக்கேஜ்களைப் புதுப்பித்த பிறகு, போஸ்ட்கிரெஸின் சோதனையில் வால்கிரைண்ட் விநோதமாக ஏதோ புகார் சொன்னது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

முதலில் டெபியன் பேக்கேஜை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தார். தொகுப்பைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் அதற்கும் மேலே. கலப்படம் வந்தது மூலத்திலிருந்தே.

ஓட்டை கண்டுபிடித்தவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? மென்பொருளைப் பராமரிப்பவருக்கு ரகசியமாகச் சொல்ல வேண்டும். அதுதான் இந்தத் துறையின் நாகரிகம், எழுதப்படாத சட்டம். எக்ஸ்இசட்டுக்கு அதற்கான முகவரியும் இருக்கிறது. அந்த முகவரிக்குப் போகும் கடிதத்தை யாரெல்லாம் படிப்பார்கள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஃப்ராயிண்ட் அங்கே எழுதவில்லை. மார்ச் 28, வியாழக்கிழமை, டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்கும் லினக்ஸ் தொகுப்பாளர்கள் மட்டும் இருக்கும் மூடிய குழுவுக்கும் காதும் காதும் வைத்தாற்போல் எழுதினார்.

அதே மார்ச் 28ஆம் தேதி இன்னொரு கடிதமும் கிளம்பியது, உபுண்டுவுக்கு. ஐந்து வருட ஆதரவோடு, உலகத்து சர்வர்களில் போய் உட்காரப்போகும் 24.04 பதிப்பைக் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்தார்கள். பீட்டாவுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. எக்ஸ்இசட்டை டெபியனிலிருந்து 5.6.1க்குப் புதுப்பித்துவிடுங்கள் என்று கேட்டது அந்தக் கடிதம். அடியில் ஜியா டான் என்று கையெழுத்து. எழுதிய ஜியா டானுக்கு, தன் ரகசியம் அம்பலமாகிக்கொண்டிருப்பது தெரியாது. விடிந்தால் பெரிய வெள்ளி, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விடுமுறை.

(தொடரும்)